சாந்தாமணி அக்காவின் பிறந்த வீடு

செய்தி எனக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது. பிப்ரவரி மாதத்து அழுக்குப் பனி நியூவார்க் தெருவோரங்களில் குவிந்து கிடந்த ஒரு காலை. அலுவலக மேசையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் சாந்தாமணி அக்காவோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் மிஸஸ் வாட்கின்ஸ். எப்போதும் கணீரென்று பேசுகிறவர், அன்று என் பெயரையே மெல்லத்தான் அழைத்தார். பிறகு சொன்னார். வேலை முடிந்து மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்துகொண்டிருந்த சாந்தாமணி அக்கா கீழே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. வேலை பார்த்த இடத்துக்குள்ளேயே தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை.

“அடுத்தவளை நீ கூப்பிடு, ஸ்டெல்லா” என்றார். நானும் அக்காவும் சேர்ந்திருந்த சகோதரிகள் அமைப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. இப்படியொரு செய்தி வந்தால் ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். நான் டெனீஸுக்குச் சொன்னேன். டெனீஸ் அவளுக்கு அடுத்தவளுக்குச் சொன்னாள். தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்தி மாலையில்தான் போய்ச் சேர்ந்தது. முதலில் அந்தச் சகோதரிகளுக்குத் தெரிந்ததா என்ற வருத்தம் உங்களில் சிலருக்கு இன்னும் இருக்கிறது என்று அறிவேன். ஆமாம், முதலில் அவர்களுக்குத்தான் தெரிந்தது.

தமிழ்ச் சங்கத்தின் சித்திரை மலருக்கு அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி மலர்க்குழு அங்கிள் கேட்டபோது கூடவே ஒன்று சொன்னார்: “நல்ல விதமா எழுதும்மா. பொங்கல் விழாவுக்கு அவங்க பண்ண ஹெல்ப், தமிழ்ப் பள்ளி, இதெல்லாம். அந்த கிளப் மேட்டர் மட்டும் வேண்டாமே. ஃபேமிலிக்கு சங்கடமா இருக்கும்.” நான் குடும்பத்தைக் கேட்டேன். அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆகவே அந்த மேட்டரைத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேலேயும் போகும். வெட்டுவதானால் முழுவதையும் வெட்டிவிடுங்கள். பாதி சாந்தாமணி அக்காவை அச்சிட வேண்டாம்.

நாங்கள் இருவரும் வகுப்புத் தோழிகள். பலருக்கு இது தெரியாது. என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர் எப்படி வகுப்புத் தோழியாவார்? அரசுக் கல்லூரியின் மாலை வகுப்பு, புள்ளியியல் பாடம். பகலில் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்றுவிட்டு நான் பஸ்ஸில் போவேன். அவர் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் வேலையை முடித்துவிட்டு அதே சீருடையோடு வருவார். முதல் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். “தமிழுங்களா அம்மணி?” என்றார். நான் தலையை ஆட்டினேன். “அப்பாடி. அந்த வாத்தியார் சொல்றது எனக்கு ஒண்ணும் புரியறதில்லைங்க. உங்களுக்குப் புரியுதுங்களா?” எனக்கும் புரியவில்லை என்றேன். “அப்ப சேந்தே பெயிலாவோம்” என்றார். அந்தக் கல்லூரியில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் முறை.

நாங்கள் பெயிலாகவில்லை. ஒரே புல்வெளியில், ஒரே மே மாத வெயிலில் பட்டம் வாங்கினோம். என் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். அவர் ஈரோட்டில் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு வந்த படிப்பை இங்கே முடித்தார். அன்று சில பெண்கள் ஒரே நிறத்தில் நீண்ட துண்டு அணிந்து, தோளோடு தோள் கோத்துக்கொண்டு பாடினார்கள். அவர்களோடு பாட்டி வயதுப் பெண்களும் அதே துண்டோடு நின்று பாடினார்கள். நான்கு வருடமும் அந்தப் பெண்களைக் கண்டால் வேறு பாதையில் சுற்றிப் போய்விடுவது என் வழக்கம். அக்கா நேராக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவங்கெல்லாம் எந்த ஊருப் பங்காளிங்க அம்மணி?”

“பங்காளி இல்லக்கா. சொராரிட்டி. காலேஜ்ல சேருவாங்க. சிஸ்டர்ஸ்னு சொல்லிக்குவாங்க.”

“நம்மளை ஏன் யாரும் கூப்பிடலை?”

அக்கா அதையே ஆங்கிலத்திலும் கேட்டார். அக்காவின் பட்டமளிப்பைப் பார்க்க வந்திருந்த மிஸஸ் வாட்கின்ஸ்தான் பதில் சொன்னார். அவர் மருத்துவமனையில் செவிலியர்களுக்கு மேற்பார்வையாளர், கறுப்பினப் பெண். அவரும் ஒரு சொராரிட்டியைச் சேர்ந்தவர். பல தலைமுறைகளுக்கு முன்பு, மற்ற இடங்களில் கதவு திறக்காத காலத்தில், கறுப்பினப் பெண்கள் தங்களுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. அவர்களில் பெரும்பாலோர் கல்லூரியோடு விட்டுவிடுவதில்லை. பட்டம் பெற்று, வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகு சேருகிறவர்களுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு. வாக்காளர் பதிவு, மருத்துவ முகாம், படிப்பு உதவி என்று கடைசி மூச்சு வரை வேலை இருக்கும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மிஸஸ் வாட்கின்ஸின் அக்காள் இறந்துபோனார். சாந்தாமணி அக்கா என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தேவாலயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிரார்த்தனைகள் முடிந்ததும் வெள்ளை உடையணிந்த சொராரிட்டிப் பெண்கள் வரிசையாக வந்து சவப்பெட்டியைச் சுற்றி நின்றார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்தவற்றைச் சொல்லி, தங்கள் பாட்டைப் பாடி விடை கொடுத்தார்கள். ரத்த உறவுக்காரர்கள் விலகி அவர்களுக்கு இடம் விட்டார்கள். திரும்பி வரும்போது அக்கா காரை ஃப்ரீவே ஓரமாக இருந்த காபிக் கடையில் நிறுத்தினார். காபி வாங்கவில்லை. அங்கேதான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

அவர் பழனிசாமி அண்ணனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர். சாதி வேறு. பதிவுத் திருமணம் முடிந்து மாலையோடு பிறந்த வீட்டு வாசலுக்குப் போனபோது மூத்த அண்ணன் வெளியே வந்து, ஊர் கேட்கும்படி சொன்னாராம்: “நீ செத்தாலும் எங்க வூட்டுக் கோடி உனக்கு வராது.” மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடி என்று புதுச் சேலை கொண்டுவந்து உடல்மேல் போர்த்துவது நம்மில் பல சாதியிலும் உண்டு. கத்தோலிக்கர்களான எங்கள் வீட்டிலும் உண்டு. வேறு எந்தச் சீர் நின்றாலும் அது நிற்காது. அதை நிறுத்துவேன் என்று சொல்வது, நீ எங்கேயும் பிறக்கவில்லை என்று சொல்வது.

“அவரு மத்த எல்லாத்தையும் மறந்துட்டாருன்னாலும் இதை மறக்க மாட்டாருங்க. வாக்குத் தவறாத மனுசன்” என்று அக்கா சிரித்தார். பிறகு, “அந்தப் பொம்பளைங்க நின்னாங்களே அம்மணி, அதைப் பாத்தீங்களா? நான் அதுல சேரப் போறேன். நீங்களும் வாங்க” என்றார்.

இங்கேதான் அந்தப் பிரசித்தி பெற்ற தவறு நடந்தது. அவர்களிடம் சேர விரும்புகிறவர்கள் அதை வெளியில் சொல்லக் கூடாது. கூட்டங்களுக்குப் போகலாம், வேலைகளில் உதவலாம், கண்ணில் படலாம், கேட்கக் கூடாது. அவர்கள்தான் உங்களைக் கண்டுகொள்ள வேண்டும். நம் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் வீட்டுக்குப் போய் முறையாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மரியாதை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பழனிசாமி அண்ணனுக்கு வேட்டி கட்டவைத்து, என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மிஸஸ் வாட்கின்ஸ் வீட்டுக்குப் போனார். என் மடியில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், ஆப்பிள், தேங்காய், வெற்றிலைபாக்கு, ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து வாங்கிய மல்லிகைச் சரம். அந்த வீட்டு முன்னறையில் இன்னும் நாலைந்து சொராரிட்டிப் பெண்மணிகள் ஏதோ கூட்டத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா தாம்பாளத்தை நீட்டி, எங்கள் இருவரையும் உங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் கதவுப்பக்கம் பார்த்தேன். மிஸஸ் வாட்கின்ஸ் தாம்பாளத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். பழனிசாமி அண்ணன் மெல்ல, “சாந்தா, பொண்ணு கேக்க வந்த மாதிரி இருக்குது” என்றார்.

“பின்ன எதுக்கு வந்தோமாம்? ரெண்டு பொண்ணு குடுக்கறோம், வாங்கிக்கச் சொல்லுங்க.”

அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. மூலையில் உட்கார்ந்திருந்த மிக வயதான பெண்மணி முதலில் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, இத்தனை வருடத்தில் யாரும் தேங்காயோடு வந்ததில்லை என்றார். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டதும் அவர்தான். வாங்கிக்கொண்டதற்கு நம் வழக்கப்படி என்ன பொருள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அக்காவுக்குத் தெரியும். வெளியே வந்ததும், “முடிஞ்சுதுங்க. தட்டு வாங்கிட்டாங்க” என்றார்.

முடியவில்லை, அவர்கள் ஒரு வருடம் காக்கவைத்தார்கள். சனிக்கிழமைகளில் தேவாலய நிலவறையில் உணவுப் பொட்டலம் கட்டினோம். வீடுவீடாகப் போய் வாக்காளர் பதிவுக்கு ஆள் சேர்த்தோம். ஒருவழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. எங்களுக்கு முன்னால் போனவர்கள் சேவை என்றார்கள், சமுதாயம் என்றார்கள். அக்கா தனக்கே உரிய ஆங்கிலத்தில் சொன்னார்: “மை பிரதர்ஸ் வில் நாட் பிரிங் மை லாஸ்ட் சாரி. ஐ நீட் சிஸ்டர்ஸ்.” பிறகு கோடி என்றால் என்ன என்று விளக்கினார். யாரும் எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று சொல்லவில்லை. ஒரு பெண்மணி மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன மாதிரிச் சேலை, யார் எப்படிப் போர்த்த வேண்டும், அதையெல்லாம் அந்த நேரத்தில் எங்களுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார்.

“ஷீ வில் டெல் யூ. ஷீ வில் ஸ்பீக்.”

நான் அன்று வரை ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்தால் வாய் திறக்காதவள். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

என் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. “கல்யாணம் ஆகாத பொண்ணு, என்னடி இது கறுப்பங்களோட சுத்திக்கிட்டு?” என்றார் அம்மா. சேர்ப்பு விழாவுக்கு முழு வெள்ளை உடுத்த வேண்டும் என்ற விதி வந்தபோது அக்கா வீட்டிலும் சிக்கல் வந்தது. புருஷன் இருக்கும்போது வெள்ளையா என்று பழனிசாமி அண்ணனின் அம்மா கோபியிலிருந்து தொலைபேசியில் அழுதார். ஏதோ சாமான் வாங்க எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்த அக்கா இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்ற என் அம்மா உள்ளே போய், பெட்டியைத் திறந்து, தன் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தார். கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் பட்டு. “எங்கள்ல கல்யாணப் பொண்ணு வெள்ளதான் கட்டும். உங்க மாமியாகிட்ட திண்டுக்கல்காரி கல்யாணச் சேலைன்னு சொல்லுங்க. கிளப்புல சேர்றது எனக்குப் பிடிக்கல, அது வேற” என்றார்.

விழாவில் நடந்ததை வெளியே சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் சொல்லலாம். ஒன்றாகச் சேருகிறவர்களை உயரப்படி வரிசையாக நிறுத்துவார்கள், குள்ளமானவர் முதலில். அந்த இடம் வாழ்நாள் முழுவதற்கும் உங்களுடையது. வயது, வேலை, சம்பளம் எதுவும் அதை மாற்றாது. சாந்தாமணி அக்கா முதலாவது, நான் இரண்டாவது, எனக்குப் பின்னால் என்னைவிட ஒரு தலை உயரமான டெனீஸ், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். உயரத்தில் எனக்கும் டெனீஸுக்கும் நடுவே நிற்க வேண்டிய ஒருத்தி பாதியில் விலகிவிட்டதால், அந்த வரிசை என்னிடமிருந்து திடீரென்று மாடி ஏறும். “இங்க நான்தான் மூத்தவ” என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இனி உங்களுக்குத் தெரிந்த பகுதி. அடுத்த பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் ஓர் ஆன்ட்டி கேட்டார்: “ஏன் சாந்தாமணி, நம்ம ஆளுங்க பத்தலைன்னு அவங்ககிட்ட போயிட்டீங்களாமே?”

அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “இங்கயும் இருக்கறனுங்க. இத்தனை வருசமா இருக்கறேன். இட்லி மாவு ஆட்டச் சொன்னீங்க, ஆட்டினேன். அங்க போன ரெண்டாம் மாசம் கூட்டத்தை நடத்தச் சொல்லீட்டாங்க. சாம்பார் ஊத்தட்டுங்களா?”

அதோடு நிற்கவில்லை. அதற்கடுத்த விழாவுக்கு மிஸஸ் வாட்கின்ஸையும் இன்னும் மூன்று சகோதரிகளையும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளோடு அழைத்துவந்து, அரங்கின் வாசலில் மேசை போட்டு உட்கார வைத்தார். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. தமிழ்ச் சங்கத் தலைவர் கடந்து போனபோது அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்தார். “வாங்க தலைவரே. நீங்க குடுத்தாத்தான் மத்தவங்க கையைக் குடுப்பாங்க.” எல்லோர் முன்னாலும் மறுக்க முடியாமல் அவர் உட்கார்ந்தார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்த மிஸஸ் வாட்கின்ஸ் சத்தமில்லாமல் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். மறுநாளே அவர் டாக்டரிடம் போனார் என்று கேள்விப்பட்டோம். அதன்பிறகு மேசைக்கு முன்னால் வரிசை நின்றது.

இறுதிச் சடங்கன்று நடந்ததைப் பற்றி இப்போது பல விதமாகப் பேசுகிறார்கள். நடந்தது இது. முந்தின நாள் பழனிசாமி அண்ணன் ஈரோட்டுக்குத் தொலைபேசி செய்தார். அக்காவின் மூத்த அண்ணன் முழுவதும் கேட்டுவிட்டு, “சரி” என்று வைத்துவிட்டார். அக்கா சொன்னது சரி, அவர் வாக்குத் தவறவில்லை.

காலையில் நானும் மிஸஸ் வாட்கின்ஸும் டெனீஸும் ஓக் ட்ரீ ரோட்டில் சேலைக் கடை திறக்கும்வரை காரில் காத்திருந்தோம். டெனீஸ் எங்கள் சொராரிட்டி நிறத்திலேயே ஒரு பட்டுச் சேலையை எடுத்தாள். மிஸஸ் வாட்கின்ஸ் தலையசைத்து மறுத்தார். “இது நம்முடைய கொடி இல்லை, கண்ணே. அவளுடைய சேலை. அவளுக்கு எது பிடிக்கும்?” கிளிப்பச்சையில் அரக்குக் கரை என்றேன். அதையே எடுத்தோம்.

ஃபியூனரல் ஹோமில் கூட்டம் நிறைந்திருந்தது. புரோகிதர் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்து, நிமிர்ந்து கேட்டார்: “பொறந்தாத்துக்காரா யாராவது வந்திருக்காளா? கோடி போடணும்.”

பழனிசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் இருந்த தலைவர் அங்கிள் எழுந்து, “இந்தியாவுலேர்ந்து யாரும் வரமுடியல. அதை விட்டுட்டு மேல நடத்துங்கோ” என்றார். உதவும் எண்ணத்தில்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. வெள்ளையுடுத்திய எங்கள் சகோதரிகள் பின்சுவரோடு நின்றிருந்தார்கள். தமிழில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு மேலே நடத்தியிருப்பார்கள். அரை நிமிடம் நான் பேசாமல் இருந்திருந்தால் அந்த அண்ணன் சொன்னது பலித்திருக்கும்.

“வந்திருக்காங்க” என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“யாரும்மா?” என்றார் அங்கிள்.

“இவங்கதான். அக்காவோட பொறந்த வீடு. கோடி கொண்டு வந்திருக்கோம்.”

“ஸ்டெல்லா, உன் ஃபீலிங்ஸ் புரியுது. ஆனா இது கிளப் ஃபங்ஷன் இல்ல. சாஸ்திரம். அவங்க ஃப்ரெண்ட்ஸ், வந்து பூ வைக்கட்டும், யாரு வேணாம்னா?”

“பூ எல்லாரும் வைக்கலாம் அங்கிள். கோடி இவங்கதான் போடணும். அக்கா கேட்டு, இவங்க ஒத்துக்கிட்டாங்க. நான் சாட்சி.”

யாரோ பின்னால், “கறுப்பிங்க வந்து கோடி போடறதா, கலி முத்திருச்சு” என்றார்கள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். அக்காவின் மகள் காவ்யா எழுந்தாள். பதினேழு வயது, தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். “தோஸ் ஆர் மை மாம்ஸ் சிஸ்டர்ஸ்” என்றாள். “லெட் தெம் கம்.” பழனிசாமி அண்ணன் தலை நிமிர்ந்தார். கும்பிட்ட கையோடு புரோகிதரிடம் சொன்னார்: “சாமி, என்ற சம்சாரத்துக்கு அவங்கதானுங்க பொறந்த வூடு. வரச் சொல்லுங்க.”

புரோகிதர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, “புருஷனும் பொண்ணும் சொன்னப்புறம் எனக்கென்ன? வரச் சொல்லுங்கோ” என்றார்.

அவர்கள் உயர வரிசையில் வந்தார்கள். முதல் இடத்தை யாரும் நிரப்பவில்லை, அது அவருடையது. அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நான், எனக்குப் பின்னால் டெனீஸ், மற்றவர்கள், கடைசியாக வயதானவர்களின் வரிசையில் மிஸஸ் வாட்கின்ஸ். பெட்டியை மூன்று முறை சுற்றினோம். சேலையைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, டெனீஸ் பின்னால் இருந்தவர்களுக்குத் திருப்பிச் சொல்ல, கால் பக்கத்திலிருந்து மார்பு வரை போர்த்தினோம். மிஸஸ் வாட்கின்ஸ் கரையை ஒரு சுருக்கமும் இல்லாமல் நீவிவிட்டார். பிறகு அவர்கள் தங்கள் பாட்டைப் பாடினார்கள். நம் பெண்கள் சிலர் அழுதார்கள். சிலர் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார்கள். போனவர்களின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும், குளிராக இருந்திருக்கும்.

வீடு திரும்பும்போது அம்மா பின்சீட்டில் வந்தார். எடிசன் தாண்டியதும், “உங்க மாமாங்க ரெண்டு பேருக்கும் விசா குடுக்க மாட்டான், தெரியும்ல?” என்றார். அப்பா, “இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” என்றார். அம்மா என் தோளைத் தொட்டு, “அந்த வாட்கின்ஸ் அம்மாகிட்ட சொல்லி வையி. எனக்குப் பட்டெல்லாம் வேணாம். சின்னாளபட்டிச் சேலை போதும், ஊர்லேர்ந்து வாங்கி வச்சிருக்கேன்” என்றார். அவர் அந்தச் சொராரிட்டியை இன்றுவரை கிளப் என்றுதான் சொல்கிறார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யோசித்தேன். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. எனக்குப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை, புள்ளியியலில் என்னைவிட மோசம். என்னிடம் இருப்பது ஒன்றுதான்: வேண்டியதை, அது யார் வழக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்விட்டுக் கேட்பது. அந்தப் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. ஆகவே கேட்கிறேன்.

சித்திரை விழாவில் அவருக்கு அஞ்சலி செலுத்தி விளக்கேற்றப் போகிறீர்கள். முதலில் குடும்பத்தாரை மேடைக்கு அழைப்பீர்கள். பழனிசாமி அண்ணனை அழையுங்கள், காவ்யாவை அழையுங்கள். அடுத்து, பிறந்த வீட்டார் என்று ஒலிபெருக்கியில் சொல்லி எங்களை அழையுங்கள். சிறப்பு விருந்தினர் என்று சொல்லக் கூடாது, நண்பர்கள் என்றும் கூடாது. சொல்லிப் பழக வேண்டுமானால் நேரம் இருக்கிறது. அழைக்காவிட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். அந்த இடம் வரும்போது எழுந்து வருவோம்.